எழுந்து நின்றால் போதும்

ஆறு இருபத்தொன்று. ஆறரைக்கு மேல் சீட்டு வாங்கமாட்டார்கள் என்று வாசல் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது, இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது, ஒன்பது நிமிடத்தில் ஒரு குக்கர் சோறு வைத்து இறக்கிவிடலாம். நான் செய்ய வேண்டியது அதைவிடச் சின்ன வேலை. எழுந்து பத்தடி நடந்தால் அந்த மேசை. மேசைக்குப் பின்னால் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள், அவள் முன்னால் இரண்டு தட்டு. எத்னிக் ஸ்டடீஸ் என்கிற இன வரலாற்றுப் பாடம் பள்ளியில் இருக்கட்டும் என்பவர்களுக்கு நீலச் சீட்டு, வேண்டாம் என்பவர்களுக்கு மஞ்சள் சீட்டு. என் கைப்பைக்குள் ஒரு நீலச் சீட்டு இருக்கிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது இனியா அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பெயர், முகவரி எல்லாம் அவளே எழுதியிருந்தாள், நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு, எனக்கு இடம் தெரியாமல் போய்விடும் என்பதுபோல. "அம்மா, நீ மைக்ல பேசணும்னுகூட இல்ல. சைன் பண்ணிக் குடுத்தா போதும். கவுண்ட் பண்ணுவாங்க. குடுப்பதானே?" குடுக்கறேன்டி என்றேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு. கையெழுத்தும் போட்டாகிவிட்டது, கார் நிறுத்துமிடத்தில், ஸ்டியரிங் மேல் வைத்து. ஆனால் அந்த மேசையில் என் பெயரில் ஏற்கெனவே ஒரு சீட்டு கிடக்கிறது. மஞ்சள் தட்டில்.

அதை நான் எழுதவில்லை. எழுதவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்ல. உள்ளே நுழைந்ததுமே சௌந்தரக்கா பார்த்துவிட்டாள். "வந்துட்டயா கண்ணு. நீ வருவீன்னு தெரியும், அதான் உனக்கும் சேத்து நானே எழுதிக் குடுத்துட்டேன்" என்று முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். என் முகவரி, ஈமெயில், போன் நம்பர் மூன்றையும் பார்க்காமல் எழுதத் தெரிந்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். இந்தப் பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பேச வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம், பேச விருப்பமில்லாதவர் தன் நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கொடுப்பவர் அறையில் இருக்க வேண்டும், பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்க வேண்டும். அக்காவின் நிமிடமும் என் நிமிடமும் அக்காவின் கணவர் தண்டபாணி அண்ணனுக்கு. "நீ வாயே தொறக்க வேண்டாம் கண்ணு. எந்திரிச்சு நின்னா போதும்." ஒருத்தி சைன் பண்ணினால் போதும் என்கிறாள், ஒருத்தி எழுந்து நின்றால் போதும் என்கிறாள், எல்லாருமே என்னிடம் கொஞ்சமாகத்தான் கேட்கிறார்கள். அக்கா கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது பதினாறு நாள், பதினாறு நாளும் ரசமும் பருப்புச் சாதமும் அவள் வீட்டிலிருந்து வந்தது. இனியாவை அவள்தான் பள்ளியிலிருந்து கூட்டிவந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் இனியாவுக்கு அ, ஆ எழுதச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான், விரலைப் பிடித்து, மணலில் எழுதுவதுபோல ரவையைத் தட்டில் பரப்பி. இப்போதுகூடக் கைப்பையிலிருந்து ஏலக்காய் மிட்டாய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடுகிறாள். ஏசி குளிர்கிறதா என்று கேட்கிறாள். இல்லக்கா என்கிறேன்.

ஆறு இருபத்து நான்கு. மேடையில் ஐந்து நாற்காலிகள், மூன்றில் ஆள் வந்தாகிவிட்டது. நடுநாற்காலி தலைவிக்கு. இன்றைக்கு அவர்கள் ஓட்டுப் போடப்போகும் தீர்மானத்தை இனியா எனக்கு இரண்டு முறை விளக்கினாள். வகுப்பை ஒரேயடியாக நிறுத்தமாட்டார்களாம். கட்டாயப் பாடம் என்பதை எடுத்துவிடுவார்களாம், எதை நடத்தினாலும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டுமாம், பெற்றோர் மூன்று பேர் ஆட்சேபித்தால் பாடத்தின் அந்த அலகையே தூக்கிவிடலாமாம். தூக்கத் தூக்க என்ன மிஞ்சும் என்று இனியா கேட்டாள். மெக்சிகோவிலிருந்து திராட்சை பறிக்க வந்தவர்கள், ரயில் பாதை போட்ட சீனர்கள், முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட ஜப்பானியர்கள், இதையெல்லாம் பற்றி எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, பிள்ளைகள் படித்துவிட்டுப் போகட்டும், பொது அறிவு. பிப்ரவரியில் ஒரே ஒரு வாரம், சாதி என்று ஒரு அலகு வந்தது. அந்த ஒரு வாரத்துக்கு வாட்ஸப்பில் தனிக் குழு ஆரம்பித்தார்கள். இனியாவின் டீச்சர் மிஸ் ஒர்த்தேகா, பாவம், இத்தனை பேருக்குக் கோபம் வரும் என்று அந்தம்மா நினைத்தே இருக்கமாட்டாள். அவள் பிள்ளைகளை வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்துவரச் சொன்னாள். இனியா என்னை எடுத்தாள். போனை மேசைமேல் வைத்து ரெக்கார்ட் போட்டுவிட்டு, உன் தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டாள். தோல் வியாபாரம் என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை, முந்தைய நொடி வரை என்னிடம் அது இல்லை. பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று முழங்காலுக்குக் கீழே தோல் வெந்துபோன மனிதர் அவர், செருப்புப் போட முடியாமல் செத்தவர், அவரை ஒரு நொடியில் வியாபாரி ஆக்கிவிட்டேன். இனியா அதை அழகாக எழுதி, ஒரு வரைபடமும் ஒட்டிக் கொடுத்து, ஏ வாங்கினாள். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். நான் பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று அப்பா சொல்வார். உண்மைதான், அந்தப் பேட்டி வரை நான் பொய் சொன்னதில்லை, சிரித்திருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த முதல் தீபாவளி, அக்கா வீட்டுச் சமையலறை, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஊர் எது கண்ணு என்றாள், குடியாத்தம் என்றேன். ஊருக்குள்ளயா, பக்கத்துலயா என்றாள், பக்கத்தில் என்றேன். குலதெய்வம் எது என்றாள். கெங்கையம்மன் என்றேன், ஊருக்கே பொதுவான சாமி, அவளை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. "குடியாத்தம்னா முதலியாருங்கதானே நெறைய?" என்றாள். அப்போதுதான் சிரித்தேன். கண்ணில் வெங்காயத் தண்ணீர், வாயில் சிரிப்பு. அவ்வளவுதான் நடந்தது. அக்கா அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அவளே கட்டிக்கொண்டாள். பதினோரு வருடமாக அவள் மனதில் கட்டிய அந்த வீட்டில் நான் குடியிருக்கிறேன். 'இன்னா' என்ற எங்கள் ஊர்ப் பேச்சை 'என்ன' என்று மாற்றிக்கொண்டேன். அப்பா போன் பண்ணினால் மாடிக்குப் போய்ப் பேசுகிறேன். அம்பேத்கர் படம், ஊரில் எங்கள் கூடத்தில் வாசலைப் பார்க்க மாட்டியிருந்த அதே படம், எனக்குக் கல்யாணச் சீராக அப்பா கொடுத்தது, துணி அலமாரியில் பெரிய பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. என் கணவர் ஞானசேகருக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. அவரும் எங்கள் ஆள்தான், சோளிங்கர் பக்கம், ஆனால் அவருக்கு என்னைவிடப் பயம் அதிகம், ஏனென்றால் ஆபீசில் அவருக்கு மேலே இருப்பது தண்டபாணி அண்ணன். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த ஆபீசின் கையெழுத்தில்தான் நகர்கிறது, பத்து வருடமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் சொல்வேன். எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை வரவேண்டாமே என்று அவர் சொல்வார். மடியில் போன் அதிர்கிறது, அவர்தான். "தண்டபாணி சார் பேசறாராமே. நீ எதுலயும் சைன் பண்ணாத. சும்மா உக்காந்துட்டு வந்துடு." அக்கா பார்ப்பதற்குள் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். ஆறு இருபத்தேழு.

இப்போது எழுந்தால்கூட முடியும். பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து, அந்த வழியாகப் போகும்போது, அந்த ஸ்வெட்டர் அம்மாளிடம் குனிந்து, மன்னிக்கவும், என் பெயரில் ஒரு தவறான சீட்டு இருக்கிறது, இதுதான் சரியானது. இவ்வளவுதான் வாக்கியம். ஆங்கிலத்திலும் கஷ்டமில்லை. ஆனால் இனியா முன்வரிசையில் மாணவர்களுக்கான பெஞ்சில் இருக்கிறாள், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு. "பாப்பாவும் வந்திருக்குதா? பிரெண்ட்ஸோட சேந்து போயிருக்கும், வயசு அப்படி" என்று அக்கா அதையும் அவளே சரிபண்ணிக்கொண்டாள். இனியாவுக்கு எல்லாம் தெரியும். ஏப்ரலில் பாஸ்போர்ட் புதுப்பிக்க அவளுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடினோம், ஃபைலைத் தரையில் கொட்டி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், குக்கர் விசில் வந்தது என்று நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் கையில் என் சாதிச் சான்றிதழ். வட்டாட்சியர் முத்திரை போட்ட பழைய தாள், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆ, தி, தி, ரா. ரவையில் விரலால் எழுதிப் படித்த எழுத்துகள். அக்கா அவளுக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முழுதாகப் படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிப்ரவரியில் வகுப்பில் படித்த வார்த்தை அது, அதனால் அகராதி தேவைப்படவில்லை. "தோல் வியாபாரம்?" என்றாள். நான் தரையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன், எதுவும் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த கட்டுரையை மட்டும் எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் காரில் சொன்னாள், "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்மா. அது நீ சொல்ல வேண்டியது. நீ ரெடியா இருக்கும்போது." ரெடியாக என்றால் எப்படி, உடுத்திக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பதா. சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

ஸ்வெட்டர் அம்மாள் எழுந்துவிட்டாள். ஆறரை. இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேடைக்கு எடுத்துப் போகிறாள். எனக்கு வந்தது துக்கம் என்று முதலில் நினைத்தேன், இல்லை, அது நிம்மதி. முடிந்துவிட்டது, இனிமேல் நினைத்தாலும் கொடுக்க முடியாது, நேரம் போய்விட்டது என்று இனியாவிடம் சொல்லலாம், டிராஃபிக் என்று சொல்லலாம். இன்னும் கீழே போய்ப் பார்த்தால் வேறொன்றும் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது. இந்த வகுப்பை எடுத்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். பிப்ரவரியிலிருந்து ஆசைப்படுகிறேன். வகுப்பு இல்லாவிட்டால் பேட்டி இல்லை, பேட்டி இல்லாவிட்டால் கேள்வி இல்லை, அடுத்த வருடம் அக்காவின் பேரன் ஒன்பதாம் வகுப்புக்குப் போவான், அவனும் போனை மேசைமேல் வைத்து யாரையாவது கேட்கமாட்டான். என் தாத்தாவைப் பற்றி இந்த நாட்டில் ஒரே ஒரு அறையில் பேசுகிறார்கள், அந்த அறையைப் பூட்டினால் எனக்கு நிம்மதி. இப்படி ஒரு பிறவி நான். மஞ்சள் சீட்டில் அக்கா என் பெயரை எழுதியது தவறு என்று எந்த முகத்தோடு சொல்வேன். ஏலக்காய் மிட்டாய் கையிலேயே பிசுபிசுத்துவிட்டது.

தலைவி சுத்தியலை ஒரு தட்டுத் தட்டி எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்கிறாள். கொடிக்கு உறுதிமொழி. நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை, இருந்தாலும் எழுந்து நெஞ்சில் கை வைக்கிறேன், நிற்காமல் இருந்தால் யாராவது பார்ப்பார்கள். எனக்கு எழுந்து நிற்பது பிடிக்காது. ஆறாம் வகுப்பில் பிடிக்காமல் போனது. ஜூலை மாதம் ஒருநாள், கணக்குப் பாடத்தின் நடுவில் ஆபீசிலிருந்து ஒரு தாள் வரும், வரதராஜ் சார் அதைப் பார்த்துவிட்டு, "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்குது" என்பார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு எல்லா வகுப்புக்கும் சேர்த்து நாற்பது பாரம் எழுதி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அதுவரை இரண்டாவது பெஞ்சில் தமிழரசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருந்தோம். எழுந்து நின்றேன். பதினொரு பேர் நின்றோம், சார் தலைகளை எண்ணினார், நடுவில் யாரோ வந்து பேச எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். தமிழரசி என்னைக் கீழேயிருந்து பார்த்தாள். மத்தியானம் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போவதாகச் சொன்னாள், அவள் வீடு மூன்று மைல். அடுத்த வருடம் ஜூலையில் நான் நிற்கவில்லை. தலையைக் குனிந்து நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பாரம் போய்விட்டது, அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமையாசிரியரிடம் கேட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். "எந்திரிச்சு நிக்க இன்னாம்மா வெக்கம்" என்று ஒரே ஒரு முறை கேட்டார். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர், உயரத்தில் நிற்பதற்குப் பயப்படாதவர், அவருக்கு எப்படி விளக்குவது. உறுதிமொழி முடிந்தது, எல்லாரும் உட்காருகிறார்கள்.

மாணவர்கள் முதலில். நான்காவது பெயர் இனியா. மைக் அவளுக்கு உயரம், யாரோ வந்து கீழே இறக்குகிறார்கள், பின்னால் பெரிய திரையில் ஒரு நிமிடம் பின்னோக்கி ஓட ஆரம்பிக்கிறது. சொல்லமாட்டேன் என்று சொன்னாளே. பதினைந்து வயது, எது வேண்டுமானாலும் சொல்வாள். காகிதம் எதுவும் இல்லாமல் ஆங்கிலத்தில் பேசுகிறாள், நிதானமாக, என் அப்பா தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோல ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "இந்த வகுப்பில் எங்களை வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு பொய் கிடைத்தது. அதற்கு ஏ கிரேடு கிடைத்தது. பிறகு உண்மையும் கிடைத்தது. அதை இங்கே நான் சொல்லப்போவதில்லை, அது என்னுடையது மட்டும் இல்லை. பொய் சொன்னவர்மேல் எனக்கு முதலில் கோபம். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரியவைத்தது இந்த வகுப்பு ஒன்றுதான். வேறு எந்த வகுப்பிலும் அது இல்லை. தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள்." நன்றி சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். திரையில் பதினோரு நொடி மிச்சம் நிற்கிறது. பெஞ்சுக்குப் போகும் வழியில் கூட்டத்தில் என்னைத் தேடுகிறாள், கண்டுபிடித்துவிட்டாள், புருவத்தை மட்டும் உயர்த்துகிறாள். கொடுத்துட்டியாம்மா என்று அதற்கு அர்த்தம். நான் தலையை அசைக்கிறேன், ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல், அவள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு உட்காருகிறாள். "என்ன சொல்லுது பாப்பா? என்ன பொய்யாம்?" என்று அக்கா என் காதுக்குள் கேட்கிறாள். "தெரியலக்கா" என்கிறேன். "பிள்ளைங்க மனச என்ன பண்ணி வெச்சிருக்காங்க பாரு. வீட்டாளுங்களப் பத்தியே இப்படிப் பேச வெக்கறாங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவள் கை சூடாக இருக்கிறது, உண்மையாகவே எனக்காக அவள் வருத்தப்படுகிறாள்.

பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். யாரோ ஒருவர் தன் தாத்தாவின் ரயில்வேத் தொப்பியைக் கொண்டுவந்து காட்டுகிறார். ஒருவர் கத்துகிறார், சுத்தியல் தட்டப்படுகிறது. நான் ஒன்றையும் கேட்கவில்லை, ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன், கூப்பிடும்போது நான் எழுந்து நிற்காவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. ஆள் இல்லை என்று நினைத்து அந்த நிமிடத்தைக் கழித்துவிடுவார்கள், அண்ணனுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். பேச வேண்டாம், மேசைக்கு நடக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஏழாம் வகுப்பில் செய்தது எனக்குத் தெரியும், அதில் நான் கெட்டிக்காரி. கால் பிடித்துக்கொண்டது என்று அக்காவிடம் சொல்லலாம், தலைசுற்றல் என்று சொல்லலாம். தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு மஞ்சள் சீட்டைப் படிக்கிறாள். தண்டபாணி. அண்ணன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்குக்குப் போகிறார். நேரம் கொடுப்பவர்கள், எழுந்து நிற்கவும், சௌந்தரம். அக்கா எழுகிறாள். அமுதவல்லி. அக்காவின் கை என் முழங்கைக்கு அடியில் இருக்கிறது, இழுக்கவில்லை, சும்மாதான் இருக்கிறது, நான் அதைக் காரணம் சொல்ல முடியாது. எழுந்துவிட்டேன். பெயரைக் கூப்பிட்டதும் உடம்பு எழுந்துவிட்டது. முன்வரிசையில் இனியா சடாரென்று திரும்புகிறாள், அவள் முகம், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, அம்மா பேசப்போகிறாள் என்று நினைத்துவிட்டாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் தோளைத் தட்டி என்னைக் காட்டுகிறாள். ஒரு நொடி, இரண்டு நொடி. நன்றி, உங்கள் நேரம் திரு தண்டபாணிக்குப் போகிறது, என்கிறாள் தலைவி. தோளைத் தட்டிய கை அப்படியே அந்தத் தோளில் நிற்கிறது.

அண்ணன் நன்றாகப் பேசுகிறார். இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறோம், எங்கள் சங்கத்தில் இருநூறு குடும்பம், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறோம், யாரும் யாரையும் எந்தச் சாதி என்று ஒருநாளும் கேட்டதில்லை, இல்லாத ஒன்றை எங்கள் பிள்ளைகளின் தலையில் ஏற்றாதீர்கள் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கேட்டதே இல்லை, அவருக்கு யாரும் எதுவும் சொன்னதே இல்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறார், நான் இன்னும் உட்காரவில்லை, உட்கார மறந்துவிட்டேன். "இதோ நிற்கிறாரே, எங்கள் சகோதரி மாதிரி. பதினோரு வருடமாக எங்கள் வீட்டுச் சமையலறை வரை வருகிறார். இவரையே கேளுங்கள், ஒருநாளாவது நாங்கள் பேதம் பார்த்திருக்கிறோமா என்று." ஐந்து நாற்காலிகளும் என்னைப் பார்க்கின்றன. அறை முழுதும் திரும்புகிறது. தலைவிகூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கிறாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்வாள் போலிருக்கிறது. கைப்பை தோளில் தொங்குகிறது, உள்ளே நீலச் சீட்டு, பென்சில் குறிக்குப் பக்கத்தில் என் கையெழுத்து. வாய் திறக்கிறது என்றுதான் நினைத்தேன். நான் சிரிக்கிறேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு, எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்திருக்கிறது. அக்கா பெருமையாக என் முதுகைத் தடவுகிறாள். திரையில் மூன்றாவது நிமிடம் தொடங்குகிறது, முதலாவது அவருடையது, இரண்டாவது அக்காவுடையது, இது என்னுடையது. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. இனியா என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன். அண்ணன் அதில் ஒரு நொடியைக்கூட மிச்சம் வைக்கவில்லை.